டிசைனுக்கு காசு போடறதா, இன்னொரு மோல்டு போடறதா? (கிரைண்டர் யூனிட், கோவை)

பீளமேட்டுக்காரி

வணக்கங்க எல்லாருக்கும். வீட்டுல பேசிப் பேசி சலிச்சுப் போய் இங்க வந்திருக்கேன்.

கோயமுத்தூர்ல அப்பா டேபிள் டாப் வெட் கிரைண்டர் யூனிட் வெச்சிருக்காருங்க. பாதி சொந்தப் பேர்ல போகுது, மீதி வேற பிராண்டுகளுக்கு செஞ்சு குடுக்கறோம், அவங்க ஸ்டிக்கர் ஒட்டி வித்துக்குவாங்க. 2011-ல கவர்மென்ட் இலவச மிக்சி, கிரைண்டர், ஃபேன் திட்டம் வந்தப்ப எங்க ஏரியா பூரா ராப்பகலா மெஷின் ஓடுச்சு, எங்களுக்கும் கொஞ்சம் ஜாப் ஒர்க் கெடச்சுது. அது முடிஞ்ச கதை. இப்ப எல்லாரோட கிரைண்டரும் ஒரே மாதிரிதான் இருக்கு, அதே ரெண்டு லிட்டர் டிரம், அதே கல்லு, அதே மோட்டார், சண்டை பூரா விலைலதான். தீபாவளிக்கு முன்னாடி டீலர் போன் பண்ணி "புதுசா ஏதாச்சும் குடுங்க"ம்பாரு, நாங்க பாடி கலரை மாத்தி பூ போட்ட ஸ்டிக்கர் ஒண்ணு ஒட்டி அனுப்புவோம், அவரும் வாங்கிக்குவாரு, ஆனா மார்ஜின் மட்டும் வருஷத்துக்கு வருஷம் தேஞ்சுட்டே போகுது.

இப்ப பெங்களூர்ல ஒரு டிசைன் ஸ்டுடியோகிட்ட பேசினேன். அவங்க குடுத்த கொட்டேஷனை பாத்துட்டு அப்பா, "இந்தக் காசுக்கு பாடி வார்க்க இன்னொரு அச்சு, மோல்டு போட்டா பொருள் வெளிய வரும், இவங்க படம் வரைஞ்சு குடுப்பாங்க, அதை வெச்சு நான் என்ன பண்றது"ங்கறாரு. அவர் சொல்றதும் தப்புன்னு சொல்ல முடியலீங்க. இங்க ஒரு செமினாருக்கும் போனேன், டிசைன்தான் பிசினஸ் ஸ்ட்ராட்டஜின்னு ரெண்டு மணி நேரம் பேசினாங்க, எடுத்துக்காட்டு பூரா ஆப்பிள், ஆப்பிள், ஆப்பிள். ஐபோன் செய்றவங்களுக்கு சரி, அரிசி ஆட்டற மெஷின் செய்ற எங்களுக்கு?

கம்பெனி எந்தப் பக்கம் போகணும்னு முடிவு பண்றதுல டிசைனுக்கு நெசமாவே வேலை இருக்கா, இல்ல பெரிய கம்பெனிங்க காசு மிச்சமிருக்கறப்ப பண்ற அலங்காரமா? உற்பத்தி லைன்ல இருக்கறவங்க யாராச்சும் சொல்லுங்க.

டூல்ரூம்_பெருசு

ஏம்மா, உங்க அப்பா டை மேக்கர், அதாவது அச்சு வெட்டறவன் மாதிரி யோசிக்கிறார், நானும் அந்த லைன்தான், அதனால அவர் கோவம் எனக்குப் புரியுது. ஆனா அவர் கணக்குல ஒண்ணு விட்டுப்போச்சு. மோல்டு போட்டா காசு திரும்பி வரும்னு சொல்றாரே, எந்தப் பொருளுக்கு மோல்டு? இப்ப இருக்கற அதே கிரைண்டருக்கு இன்னொரு பாடி போட்டா அது வேற சைஸ் பூ ஸ்டிக்கர், அவ்வளவுதான்.

மோல்டு ஸ்டீல்ல வெட்டினதுக்கு அப்புறம் மெட்டலை இன்னும் கொஞ்சம் எடுக்கறது சுலபம், எடுத்ததை திருப்பி சேக்கணும்னா வெல்டிங் போட்டு, மறுபடி மெஷின் பண்ணி, பாலிஷ் போட்டு, அதுக்கப்புறமும் அந்த இடத்துல ஒரு தழும்பு தெரியும். அதனால என்ன செய்யணும், யாருக்கு செய்யணும்னு தகராறு பண்றதெல்லாம் ஸ்டீல்ல கை வைக்கறதுக்கு முன்னாடி, தெர்மாகோல்லயும் பிளைவுட்லயும் பண்ணி முடிச்சிரணும். சுவர் கனம் எவ்வளவு, எத்தனை ஸ்க்ரூ, எத்தனை பார்ட்டு, அசெம்ப்ளில எத்தனை கை வேணும், எல்லாம் டிராயிங் பேப்பர்லயே முடிவாகிடுது, பர்ச்சேஸ் ஆபீசர் அதுக்கப்புறம் எவ்வளவு பேரம் பேசினாலும் நாலு காசுதான் குறைப்பார். என்னைப் பொறுத்த வரைக்கும் டிசைனரோட முதல் வேலை அங்கதான், அழகெல்லாம் அப்புறம்.

ஆப்பிளை விடும்மா, நம்ம ஓசூரைப் பாரு. டைட்டன், டாடாவும் நம்ம தமிழ்நாடு கவர்மென்டோட டிட்கோவும் சேர்ந்து 1984-ல ஆரம்பிச்ச கம்பெனி. அப்ப வாட்சுன்னா எச்எம்டிதான், கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்கு ஒண்ணு வாங்கினா ஆயுசுக்கும் அதுதான். இவங்க பேட்டரில ஓடற குவார்ட்ஸ்ல இறங்கினாங்க, வாட்சு நேரம் பாக்கற கருவி மட்டுமில்ல, சட்டைக்கு ஏத்த மாதிரி போடற பொருள்னு வெச்சு மாடல் மாடலா போட்டாங்க, தனி ஷோரூம் திறந்தாங்க. அந்த ஒரு முடிவு ஃபேக்டரி, கடை, விளம்பரம்னு எல்லாத்தையும் இழுத்துட்டு வந்துச்சு. அப்புறம் 2002-ல எட்ஜ்னு ஒரு மாடல் வந்துச்சு பாரு, மொத்த வாட்சும் 3.5 மில்லிமீட்டர் கனம், உள்ள ஓடற மெஷின், அதான் மூவ்மென்ட், 1.15 மில்லிமீட்டர், அதுக்குள்ள தண்ணி புகாத கேஸ். ஸ்விஸ்காரங்களே இது ஆகாதுன்னு கை விரிச்சதை ஓசூர்ல செஞ்சாங்க. அந்த மூவ்மென்டைத் தாங்கற மெயின் பிளேட்டை அவ்வளவு மெலிசா வளையாம மெஷின் பண்றதுன்னா என்னன்னு டூல்ரூம்ல நின்னவனுக்குத்தான் தெரியும். "மெலிசா வேணும்"னு மேல ஒருத்தர் பிடிவாதமா நின்னதாலதான் கீழ இருக்கறவங்க அந்த மெஷினிங்கையே கத்துக்கிட்டாங்க. எச்எம்டி வாட்ச் கம்பெனியை மூடறதுன்னு கவர்மென்ட் 2016-ல முடிவு பண்ணிருச்சு. குவார்ட்ஸ் அவங்களும்தான் செஞ்சாங்க, ஆனா சாவி குடுக்கற வாட்சைவிட்டு மனசு நகரல.

ஆனா ஒண்ணு. ஷாப் ஃப்ளோர் பக்கமே தலை காட்டாத டிசைனர்னா கொட்டேஷனை கிழிச்சுப் போட்டுரு. டிராஃப்ட் ஆங்கிள்னா (மோல்டுல இருந்து பார்ட்டு சிக்காம வெளிய வர குடுக்கற சாய்வு) என்னன்னு கேளு, முழிச்சா அனுப்பிரு.

பற்றுவரவு

எல்லாரும் ஜெயிச்ச கதையா சொல்றீங்க, நான் கணக்குப் பாக்கறவன், கொஞ்சம் எதிர்ப்பக்கம் பேசறேன், யாரும் கோச்சுக்காதீங்க.

டிசைன்ல கவனமா இருக்கற கம்பெனிங்க நல்லா வளருதுன்னு மெக்கின்சிங்கற கன்சல்டிங் கம்பெனி 2018-ல ஒரு ரிப்போர்ட் விட்டாங்க, 300 கம்பெனிகளோட அஞ்சு வருஷக் கணக்கு, டிசைன்ல மேல இருந்த கால்வாசி கம்பெனிகளோட வருமான வளர்ச்சி மத்தவங்களைவிட 32 பெர்சன்டேஜ் பாயின்ட் அதிகம்னு. செமினாருக்கு செமினார் இந்த ஸ்லைடை போடறாங்க. டிசைன் பண்ணதால வளந்தாங்களா, வளர்ற கம்பெனிகிட்ட காசு இருந்ததால டிசைனுக்கும் செலவு பண்ணாங்களா? இதை அந்த ஸ்லைடு சொல்லாது. போதாக்குறைக்கு எல்லாம் பங்குச்சந்தைல இருக்கற பெரிய கம்பெனிங்க, பீளமேட்டு யூனிட்டுக்கு அதை அப்படியே தூக்கி வெச்சா எப்படி?

டாடா நானோ காரை எடுத்துக்கோங்க. டிசைன் புத்திசாலித்தனத்துக்கு அதைவிட ஒரு வண்டி இந்தியாவுல வந்திருக்கா சொல்லுங்க. 2008-ல காட்டினப்ப உலகமே வாயைப் பொளந்துச்சு. 1 லட்சம் ரூபாய்ங்கற விலையை முதல்ல எழுதி வெச்சுட்டு அதுக்குள்ள காரை அடக்கினாங்க, பின்னாடி 624 சிசி ரெண்டு சிலிண்டர் இன்ஜின், ஒரே ஒரு வைப்பர், சக்கரத்துக்கு நாலு நட்டுக்கு பதிலா மூணு, பின்கதவு திறக்கவே திறக்காது, சாமானை சீட்டுக்குப் பின்னாடி உள்ள வழியாத்தான் போடணும். இன்ஜினியரா பாத்தா கை எடுத்துக் கும்பிடலாம். குஜராத்துல சனந்துங்கற ஊர்ல வருஷத்துக்கு ரெண்டரை லட்சம் வண்டி செய்ற மாதிரி ஃபேக்டரி, நல்லா ஓடின வருஷத்துலகூட ஒரு லட்சத்தைத் தொடல, 2018-ல உற்பத்தி கிட்டத்தட்ட நின்னே போச்சு. அவ்வளவு பெரிய டாடா குரூப் தாங்கிக்கிச்சு. இந்தம்மா யூனிட் ஒரு மாடல் சொதப்பினா தாங்குமா? இதுக்கு யாரும் பதில் சொல்ல மாட்டேங்கறாங்க.

வரைகோடு

பற்றுவரவு சார், நானோவை நீங்க எடுத்தது நல்லதாப் போச்சு. நான் புராடக்ட் டிசைனர், அதனால எனக்கு சாதகமாத்தான் பேசுவேன், அதையும் கழிச்சுக்கிட்டுப் படிங்க.

நானோல பார்ட் டிசைன் பிரமாதம், ஒத்துக்கறேன். பைக்ல புருஷன், பொண்டாட்டி, ரெண்டு குழந்தைன்னு நாலு பேர் நனைஞ்சுக்கிட்டு போறாங்களே, அவங்களுக்காகன்னு ஆரம்பிச்ச வண்டி அது. ஆனா அந்தக் குடும்பம் கார் வாங்கறது தெருவுல நாலு பேர் பாக்கறதுக்கும்தான். அவங்ககிட்ட போய் "உலகத்துலயே மலிவான கார்"னு சொல்லி வித்தா, அதை வாசல்ல நிறுத்த யாருக்கு மனசு வரும்? இந்த மலிவுங்கற பேர் ஒட்டிக்கிட்டது தப்பாப் போச்சுன்னு ரத்தன் டாடாவே பின்னாடி சொன்னார். நட்டு எண்ணிக்கைல காட்டின கவனத்தை வாங்கறவங்க மனசுலயும் காட்டியிருக்கணும், அதுவும் டிசைன் வேலைதான். ஆனா உங்க கடைசிக் கேள்வி, சின்ன யூனிட் தாங்குமாங்கறது, அது நியாயமான கேள்வி, அதுக்கு வரேன்.

பீளமேட்டுக்காரி அக்கா, டென்மார்க்ல 2000-களோட ஆரம்பத்துல ஒரு ஏணி போட்டாங்க, கம்பெனிகளை நாலு படில வெச்சுப் பாக்கறதுக்கு. டிசைனே இல்லாதது முதல் படி, கடைசில மேக்கப் போடறது ரெண்டாவது, பொருள் உருவாகற வேலைக்குள்ளயே ஆரம்பத்துல இருந்து டிசைனர் இருக்கறது மூணாவது, என்ன பொருள் செய்றது, எந்தத் தொழில்ல இருக்கறதுங்கற முடிவையே டிசைன் வழியா எடுக்கறது நாலாவது. நீங்க ரெண்டாவதுல இருக்கீங்க, பூ ஸ்டிக்கர். செமினார்காரங்க உங்களை ஒரே தாவுல நாலாவதுக்கு ஏத்தப் பாக்கறாங்க. மூணாவது போதும் இப்போதைக்கு.

நான் உங்க இடத்துல இருந்தா ஸ்டுடியோகிட்ட "புது பாடி வரைஞ்சு குடு"ன்னு கேக்கவே மாட்டேன். முதல்ல அஞ்சாறு வீட்டு அடுக்களைல போய் நின்னு பாக்கச் சொல்வேன், நீங்களும் கூடப் போகணும். 1958-ல சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ்னு அமெரிக்க டிசைனர் ஜோடி நம்ம நாட்டுக்கு வந்து கவர்மென்டுக்கு ஒரு ரிப்போர்ட் குடுத்தாங்க, அகமதாபாத்ல என்ஐடிங்கற தேசிய டிசைன் கல்லூரி 1961-ல ஆரம்பிச்சதுக்கு அதுதான் அடிப்படை. அதுல அவங்க ரொம்ப மெச்சினது நம்ம சொம்பு. அதை வெச்சு கேள்வியா அடுக்குறாங்க, எவ்வளவு தண்ணி பிடிக்கணும், தூக்கற கை எவ்வளவு பெருசு, நிறைஞ்சிருக்கறப்ப எப்படி நிக்கும், காலியா இருக்கறப்ப எப்படி நிக்கும், உள்ள கை விட்டு கழுவ முடியுமா, தலைல வைக்கறதா இடுப்புல வைக்கறதான்னு. உங்க கிரைண்டருக்கு இதே கேள்வியைப் போடுங்களேன். மாவு ஆட்டி முடிச்சதும் டிரம்மை எப்படி தூக்கறாங்க? அரிசியும் தண்ணியும் எவர்சில்வர் டிரம்மும் சேர்ந்து கனக்கும், பல வீட்டுல முட்டி வலி, தோள்பட்டை வலி இருக்கற அம்மாக்கள்தான் தூக்கறாங்க. கல்லு உருளையை கழட்டி வழிக்கறப்ப மாவு எங்க சிக்குது? ஹோல்டர் சந்துல காஞ்ச மாவை ஊக்கால நோண்டறதை நான் பாத்திருக்கேன். ஆட்டி முடிச்சா மெஷின் எங்க போகுது, மேடைலயேவா, பரணுக்கா? இதுக்கெல்லாம் பதில் கெடச்சதுக்கு அப்புறம் மோல்டு பத்தி அப்பாகிட்ட பேசுங்க, பெருசு சொன்ன தெர்மாகோல் கட்டத்துக்கு அதுக்கு மேலதான் போகணும்.

இதுல ஒரு பழைய கதை உங்களுக்கு அப்படியே பொருந்தும். அமெரிக்கால சாம் ஃபார்பர்னு ஒருத்தர், சமையல் சாமான் தொழில்ல இருந்து ரிட்டையர் ஆனவர், அவர் மனைவி பெட்சிக்கு கை மூட்டு வாதம், காய் தோல் சீவற பீலரைப் பிடிக்க முடியாம கஷ்டப்பட்டாங்க. அதைப் பாத்து ஆரம்பிச்சதுதான் ஆக்ஸோ, 1990-ல கடைக்கு வந்துச்சு. தடியான கறுப்பு ரப்பர் பிடி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் படற இடத்துல மட்டும் மெல்லிசா செதில் செதிலா வெட்டு, ஈரக் கையிலயும் நழுவாது. சாதா பீலரைவிட பல மடங்கு விலை, ஆனாலும் வித்துச்சு, அதுவும் மூட்டு வலி இல்லாதவங்கதான் நிறைய வாங்கினாங்க. பீலர்ங்கறது அதுக்கு முன்னாடி விலைல அடிச்சுக்கற அம்போ சாமான். உங்க கிரைண்டர் இப்ப இருக்கற நிலைமைதான்.

சார் கேட்ட ரிஸ்க் விஷயம். அந்த ஆக்ஸோ வேலையை செஞ்ச ஸ்டுடியோ முழு ஃபீஸையும் முன்னாடியே கேக்கல, சின்ன அட்வான்ஸ் வாங்கிக்கிட்டு மீதியை விக்கற ஒவ்வொரு பொருளுக்கும் இவ்வளவுன்னு ராயல்டியா எடுத்துக்கிட்டாங்க. இங்கயும் அப்படிப் பேசிப் பாக்கலாம், எல்லாரும் ஒத்துக்க மாட்டாங்க, ஆனா தன் வேலை மேல நம்பிக்கை இருக்கறவங்க யோசிப்பாங்க. அப்புறம் சிறு, குறு, நடுத்தரத் தொழிலுக்கான எம்எஸ்எம்இ அமைச்சகத்துல டிசைன் புராஜெக்ட்டுக்கு மானியம் குடுக்கற திட்டம் இருக்கு, மைக்ரோ யூனிட்டுக்கு செலவுல நல்ல பங்கு வரும், பேப்பர் வேலை ஜாஸ்தி, ஆனா உங்க டிஐசி, மாவட்டத் தொழில் மைய ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேளுங்க.

டவுன்ஹால்ரோடு_டீலர்

மதுரைல வீட்டு சாமான் கடை வெச்சிருக்கேன், உங்க மாதிரி கோயமுத்தூர் சரக்குதான் விக்கிறேன், அதனால தீபாவளிக்கு "புதுசா குடுங்க"ன்னு போன் பண்ற டீலர் நான்தான்னு வெச்சுக்கங்களேன் ஹிஹி. நாங்க ஏன் கேக்குறோம் தெரியுமா, கடைல அஞ்சு கிரைண்டர் வரிசையா நிக்கும், வர்றவுக "இதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்"பாக, சொல்றதுக்கு எங்ககிட்ட ஒண்ணும் இருக்காது, அப்புறம் எவன் கம்மி விலையோ அதான் போகும். சொல்ற மாதிரி ஒரு விஷயம் குடுங்கம்மா, விக்கிறது என் பாடு. இன்னொண்ணு, கடைக்கு வர்ற அம்மாமார் மொதல்ல கலரை பாக்க மாட்டாக, மூடியத் திறந்து உருளைக் கல்லை வெளிய தூக்கிப் பாப்பாக, அப்புறம் டிரம்மை ஒரு தடவை தூக்கி, திருப்பி மாட்டிப் பாப்பாக. மாட்டுறப்ப டக்குன்னு உக்காராம ரெண்டு தடவை சுத்த வேண்டியிருந்தா மூஞ்சியே மாறிரும். வரைகோடு சொல்ற வீட்டு அடுக்களை எல்லாம் சரி, ஒரு சனிக்கெழமை சாயங்காலம் என் கடை மூலைல வந்து சும்மா நில்லுங்க, பாதி விஷயம் அங்கயே தெரிஞ்சுரும்.

நான் முன்னாடி ஷாம்பு லைன்ல சேல்ஸ் பாத்தவன். ஸ்ட்ராட்டஜி ஸ்ட்ராட்டஜிங்கிறீகளே, நம்ம கடலூர்ல நடந்ததைவிடவா? சின்னி கிருஷ்ணன்னு ஒருத்தர், பெரிய மனுசங்க வாங்குறதை கூலி வேலை பாக்குறவனும் வாங்கணும்னு சின்னப் பாக்கெட்ல போட்டு விக்கணும்னு அலைஞ்சவர். அவுக மகன் ரங்கநாதன் 1983-ல 15,000 ரூபாயோட தனியா வந்து சிக் ஷாம்பு போட்டார். உள்ள இருக்கிற திரவம் எல்லாரும் போடுறதுதான், ஆனா பாட்டிலுக்கு மொத்தமா காசு குடுக்க முடியாதவன் அன்னைக்கு வந்த கூலில ஒரு பாக்கெட் எடுத்துட்டுப் போயிரலாம். காலிப் பாக்கெட்டு அஞ்சு கொண்டு வா, புதுசு ஒண்ணு ஃப்ரீன்னாங்க, மொதல்ல எந்தக் கம்பெனிப் பாக்கெட்டும் சரின்னு ஆரம்பிச்சு, அப்புறம் சிக் பாக்கெட்டுக்கு மட்டும்னு மாத்துனாக. அடுத்தவன் சரக்கை வாங்குனவன் கையில நம்ம சரக்கை குடுக்குற வித்தை! ஊர் ஊரா போயி பயலுகளுக்கு தலைக்குத் தேச்சு விட்டுக் காட்டுனாக. பின்னாடி 50 பைசா பாக்கெட்டு வந்துச்சு. பெட்டிக்கடைல இடம் ஏது, அதனால சரம் சரமா வாசல்ல தொங்க விட்டாக. பெரிய பெரிய வெளிநாட்டுக் கம்பெனி எல்லாம் பின்னால ஓடி வந்து பாக்கெட் போட்டான். பாக்கெட்டோட அளவு ஒண்ணை மாத்துனதுல விலை, கடை, வாங்குற ஆளுன்னு அம்புட்டும் மாறிருச்சு. குப்பைதான் சாக்கடை அடைக்குற அளவுக்கு வந்துச்சு, அதையும் சொல்லணும், அந்த உறையை மறுசுழற்சி பண்றதும் ரொம்பக் கஷ்டம்.

கடைசியா ஒண்ணு. உங்க போட்டி பக்கத்து யூனிட்டுக்காரன்னு நெனச்சுக்கிட்டு இருக்கீக. இல்லம்மா, ரெடிமேட் இட்லி மாவுப் பாக்கெட்டுதான். 2005-ல பெங்களூர்ல ஆரம்பிச்ச ஐடி ஃப்ரெஷ் மாதிரி ஆளுக வந்ததுல இருந்து சின்னக் குடும்பம் கிரைண்டர் பக்கமே வர்றது கொறஞ்சு போச்சு. அவுக வடை மாவுக்கு ஒரு பாக்கெட் போட்டாக பாத்தீகளா, அமுக்குனா நுனில வளையமா, நடுவுல ஓட்டையோட மாவு விழும், நேரா எண்ணெய்ல. கையில எலை வெச்சு தட்டத் தெரியாத புள்ளைகளும் மெதுவடை சுடுது. அந்த மூக்கு ஒண்ணுக்காகத்தான் அதை வாங்குறாக.

எடிசன்_அம்மாஞ்சி

நியூஜெர்ஸில இருந்து ஒரு கஸ்டமரா சொல்றேன், தொழில் ஞானம் பூஜ்யம். இங்க நம்மாளுங்க 110 வோல்ட் கிரைண்டர் வாங்கறோம், இந்தியக் கடைலயும் ஆன்லைன்லயும் கிடைக்கும், ஊர்ல விக்கற விலைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, ஆனாலும் வாங்கறோம், ஏன்னா மிக்சில அரைச்ச மாவுல இட்லி அந்த மாதிரி வராது. ஊர்ல இருக்கற அதே மெஷின்ல மோட்டாரை மட்டும் மாத்தி அனுப்பறாங்க, வேற ஒண்ணும் மாத்தறதில்ல. நாங்க இருக்கறது அபார்ட்மென்ட், ஞாயித்துக்கிழமை காலைல போட்டா கீழ் வீட்டுக்காரன் கதவைத் தட்டறான், அதனால டவலை நாலா மடிச்சு அடில போட்டு ஓட்டறோம். ஆட்டி முடிச்சா மேடைல வைக்க இடமில்ல, கப்போர்டுல கீழ் தட்டுல வெச்சு ஒவ்வொரு தடவையும் குனிஞ்சு தூக்கறோம். டைமர் வெச்சதுகூட தானா நிக்கறதுக்குத்தான், உளுந்து பதம் வந்துச்சான்னு நாமதான் எட்டி எட்டிப் பாக்கணும். சத்தம் பாதியா குறைஞ்சு, ரெண்டு பக்கமும் பிடி இருந்தா நான் எவ்வளவு வேணா குடுப்பேன், என் மனைவி இன்னும் ஜாஸ்தி குடுப்பா. விலைல சண்டை போட முடியலேன்னு சொல்றீங்களே, விலையே பாக்காத ஆளுங்க இங்க இருக்கோம்.

பற்றுவரவு

எடிசன் சார், "எவ்வளவு வேணா குடுப்பேன்"னு இங்க எழுதறவங்க கடைல கார்டை நீட்டறப்ப வேற ஆளு, அனுபவத்துல சொல்றேன். ஆனா ஏற்றுமதி ஒரு தனி மாடலா யோசிக்கலாம்ங்கறது நல்ல பாயின்ட், அங்க அளவு கம்மி, ஒரு யூனிட்டுக்கு மார்ஜின் ஜாஸ்தி, மோல்டு செலவை பிரிச்சுப் போட்டா எத்தனை பீஸ்ல வசூலாகும்னு ஒரு எக்செல் போட்டுட்டு அப்புறம் பேசுங்க. அந்த எக்செல் இல்லாத டிசைன் பேச்சு எனக்கு ஏறாது.

ரிங்ரோடு_ரெசிஸ்டர்

எலக்ட்ரானிக்ஸ் லைன்ல இருக்கேன், ரெண்டு விஷயம் மட்டும் சொல்லிட்டுப் போறேன், லன்ச் டைம்.

சாம்சங் ஒரு காலத்துல மலிவு டிவிக் கம்பெனி, அமெரிக்கக் கடைகள்ல பின் வரிசைல தூசி அடைஞ்சு கிடக்கும். சேர்மன் லீ குன் ஹீ 1996-ஐ டிசைன் புரட்சி ஆண்டுன்னு அறிவிச்சாரு. அறிவிப்பு யாரு வேணா விடலாம், விஷயம் அதுக்கப்புறம்தான். டிவியை மக்கள் எப்படி வெச்சிருக்காங்கன்னு பாத்தவங்க ஒண்ணு கவனிச்சாங்க, நாள்ல முக்கால்வாசி நேரம் அது ஆஃப்லதான் கிடக்கு, அப்ப அது ஹால்ல இருக்கற ஒரு ஃபர்னிச்சர். அணைஞ்சிருக்கறப்பவும் அழகா இருக்கணும்னு, பக்கத்துல துருத்திக்கிட்டு இருந்த ஸ்பீக்கரை எடுத்து கீழ மறைச்சாங்க. சவுண்டு இன்ஜினியர்கிட்ட போய் ஸ்பீக்கரை மறைன்னு சொன்னா விடுவானா? மேலிடம் டிசைனர் பக்கம் நின்னதாலதான் நடந்துச்சு. 2006-ல போர்டோங்கற அந்த மாடல் வந்துச்சு, அதே வருஷம் டிவி விற்பனைல உலகத்துல முதல் இடம். சோ உங்க வீட்டுல அப்பா கையெழுத்து இல்லாம இது எதுவும் நடக்காது அக்கா, ஸ்டுடியோகாரங்களை நீங்க மட்டும் பாத்துப் பேசறதே வேஸ்ட், அப்பாவை அந்த மீட்டிங்ல உக்கார வைங்க.

இன்னொண்ணு, அமெரிக்கக் கம்பெனி ஜிஇ பெங்களூர்ல செஞ்ச மேக் 400 ஈசிஜி மெஷின். ஆஸ்பத்திரில இருக்கற பெரிய மெஷினை கிராமத்து டாக்டர் வாங்க மாட்டாரு, தூக்கிட்டுப் போகவும் முடியாது, கரன்ட்டும் இருக்காது. அதனால பேட்டரில ஓடற, கையில தூக்கற சைஸ்ல செஞ்சாங்க. பிரின்டர்தான் விலை ஜாஸ்தின்னு பாத்து, பஸ் டிக்கெட் அடிக்கற பிரின்டர் இருக்கே, அதை எடுத்து மாத்திப் போட்டுட்டாங்க, தூசிலயும் குலுக்கல்லயும் ஓடறதுக்குன்னே செஞ்சது, லட்சக்கணக்குல உற்பத்தி ஆகறதால விலையும் கம்மி. புதுசா எதையும் கண்டுபிடிக்கல. யாருக்கு, எந்த ரோட்டுல போற டாக்டருக்குன்னு முதல்ல முடிவு பண்ணதால பார்ட்டு தானா கண்ணுல பட்டுச்சு. பற்றுவரவு அண்ணனோட எக்செல்லுக்கு இது பிடிக்கும்னு நினைக்கறேன்.

பீளமேட்டுக்காரி

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்வளவு வரும்னு நினைக்கல. நேத்து ராத்திரி அப்பாவை உக்கார வெச்சு எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன். டைட்டன் கதைக்கு ஒண்ணும் சொல்லல, நானோ வந்ததும் "பாத்தியா"ன்னாரு. மதுரை அண்ணன் எழுதின டிரம் மாட்டற விஷயத்துக்கு மட்டும் எந்திரிச்சுப் போய் நம்ம மெஷினையே நாலு தடவை கழட்டி மாட்டிப் பாத்துட்டு, அடில லாக் வர்ற எடத்துல ஒரு சாய்வு குடுத்தா தானா உக்காரும்னு நியூஸ் பேப்பர் ஓரத்துல வரைய ஆரம்பிச்சுட்டாரு. படம் வரையறவங்களை திட்டினவரு!

நாங்க நினைக்கறது, உள்ளூர் மாடலை இப்ப தொட வேண்டாம், அது ஓடற வரைக்கும் ஓடட்டும். சத்தமும் கனமும் குறைஞ்ச ஒரு மாடலை 110 வோல்ட்டுக்கு மட்டும் சின்ன அளவுல செஞ்சு பாக்கலாம், அதுக்கு முன்னாடி வரைகோடு சொன்ன மாதிரி வீடு வீடா பாக்கறதுக்கு மட்டும் ஸ்டுடியோவுக்கு தனியா ஒரு ஃபீஸ் பேசிக்கலாம்னு. எடிசன் அண்ணா, நீங்க ஓட்டறதை ஒரு வீடியோ எடுத்து அனுப்ப முடியுமா, டவல் போடறது, தூக்கி வெக்கறது எல்லாம் சேத்து? மதுரை அண்ணா, வர்ற மாசம் அப்பாவோட உங்க கடைக்கு வரேன், முகவரியை தனியா அனுப்புங்க.

ஒரே ஒரு சந்தேகம். மாதிரி ரெடியானா இங்க கோவைல நடக்கற கொடிசியா தொழில் எக்ஸிபிஷன்ல வெச்சு டீலருங்க என்ன சொல்றாங்கன்னு பாக்கலாம்னு அப்பா சொல்றாரு. ஆனா எங்க லைன்ல எது வெச்சாலும் ரெண்டு மாசத்துல நாலு பேர் அதே மாதிரி இறக்கிருவாங்க. அதுக்கு என்ன பண்றது?

வரைகோடு

வெக்கறதுக்கு முன்னாடி டிசைன் ரிஜிஸ்ட்ரேஷனுக்கு போட்டுருங்க அக்கா, வெச்சதுக்கு அப்புறம் போட்டா புதுசுன்னு சொல்ல முடியாது, தள்ளுபடி பண்ணிருவாங்க. வாட்சாப்ல டீலருக்கு போட்டோ அனுப்பறதும் அதே கணக்குதான், அதையும் நிறுத்தி வைங்க. 2000-ம் வருஷச் சட்டப்படி பதிவு பண்ணா 10 வருஷம், அப்புறம் இன்னும் 5 வருஷம் நீட்டிக்கலாம், கொல்கத்தா ஆபீஸ்ல பாக்கறாங்க, ஆன்லைன்லயே போடலாம். ஆனா அது வெளித் தோற்றத்துக்கு மட்டும்தான். அப்பா வரைஞ்ச அந்த லாக் சாய்வு வேலை செய்ற விதத்துல புதுசா இருந்தா அதுக்கு பேட்டன்ட்தான் போடணும், அந்த நியூஸ் பேப்பரைத் தூக்கிப் போட்டுராம தேதி எழுதி எடுத்து வைங்க.

டூல்ரூம்_பெருசு

சாய்வு எத்தனை டிகிரின்னு அப்பாகிட்ட கேட்டு சொல்லும்மா. ரொம்ப போட்டுட்டார்னா ஓடறப்ப டிரம் ஆடும், சத்தம் இன்னும் கூடிரும்.